குற்றாலம் போக வேண்டிய வண்டி

தச்சநல்லூர்,
16-7-95

அன்புள்ள மாப்பிள்ளை கணேஷ்ராமுக்கு,

அத்தான் தாணுமாலையன் எழுதுவது. நலம் விசாரிக்கும் பகுதியை உன் அக்கா கோமுவிடம் விட்டுவிடலாம் என்றிருந்தேன். "நீங்களே எழுதிருங்க, எனக்குக் கை ஓயுது" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள். ஆகவே சகல நலத்தையும் நானே விசாரிக்கிறேன்.

ஊரில் உன்னைப் பற்றித்தான் பேச்சு. அதற்கு நான்தான் காரணம், மறைப்பானேன். அரிசிக்கடை சிவசைலம் அண்ணாச்சி நேற்று என்னை மறித்து, "வே, உம்ம மச்சினன் எந்த ஊருக்கு ஓட்டுதான்?" என்றார். "இன்னும் ஓட்டலை அண்ணாச்சி. ஹைதராபாத்துல பாடம் படிக்கான். அது முடிஞ்சதும் சிமுலேட்டர்" என்றேன். அது என்ன என்று கேட்டார். விமானத்தின் மூக்கை மட்டும் வெட்டி ஒரு கட்டடத்துக்குள் வைத்திருப்பார்கள், உள்ளே உட்கார்ந்தால் ஆடும், குலுங்கும், சத்தம் போடும், ஆனால் இருந்த இடத்தை விட்டு நகராது என்று நீ சொன்னதைச் சொன்னேன். அண்ணாச்சி நெடுநேரம் யோசித்துவிட்டு, "அப்போ நம்ம டவுண் பஸ்ஸுதான்னு சொல்லும்" என்றார்.

ஆனித் தேரோட்டம் நல்லபடி முடிந்தது. தேர் வழக்கம்போல் வாகையடி முக்கில் முரண்டு பிடித்தது. உன் அக்கா அதைவிட முரண்டு. நாலு கடைக்கு ஒரு தடவை நின்றாள். "என்ன கோமு, உனக்கும் தடி போட்டு நெம்பணுமா?" என்று கேட்டேன். சிரிக்கவில்லை. ஒரு பாத்திரக்கடைத் தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். வாய்வுதான், வேறென்ன? ராத்திரி நீட்டிப் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று மூன்று தலையணை அடுக்கிச் சாய்ந்துகொள்கிறாள். அதில் ஒன்று என்னுடையது. நான் பழைய வேட்டியைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு, நாட்டுக்கு ஒரு விமானியைத் தந்த குடும்பத் தலைவன் போலத் தூங்குகிறேன். ஓமத் தண்ணீரும் இஞ்சிச் சாறும் கொடுத்து வருகிறேன்.

தாய் தகப்பன் போனபின் சிறு பையனாக இந்த வீட்டுக்கு வந்தவன் நீ. அன்றிலிருந்து என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. இதை நான் ஆபீசில் சொல்லிச் சொல்லியே பலபேர் தங்கள் பிள்ளைகளை அடித்திருக்கிறார்கள். பெரியவர் பேச்சைக் கேட்கும் குணம் உன்னிடம் இருக்கும்வரை எந்தப் பரீட்சையிலும் உன்னை யாரும் கவிழ்க்க முடியாது.

இப்படிக்கு,
அத்தான்

*

ஹைதராபாத்,
23-7-95

மதிப்புக்குரிய அத்தானுக்கு, கணேஷ்ராமின் வணக்கம்.

கடிதம் கிடைத்தது. வகுப்புப் பாடங்கள் முடிந்துவிட்டன. எஞ்சின், மின்சாரம், வானிலை, விமானிகள் உடம்பைப் பற்றிய வைத்தியப் பாடம் எல்லாவற்றிலும் தேறிவிட்டேன். சிமுலேட்டருக்காக விடுதி அறைச் சுவரில் விமானியறைப் படத்தை உண்மை அளவில் ஒட்டி, முன்னால் இரண்டு நாற்காலி போட்டு, நானும் ஒரு நாக்பூர்க்காரனும் காகிதத்தில் சுவிட்ச் போட்டுப் பழகுகிறோம். அறை கூட்டுகிற அம்மா எங்களைப் பார்த்துத் தினமும் தலையில் அடித்துக்கொள்கிறாள்.

நல்ல செய்தி அவ்வளவுதான் அத்தான். வியாழக்கிழமை சிமுலேட்டரில் நான் மலையில் மோதினேன்.

ஓட்டியது நான் இல்லை. கேப்டன் கில் என்று ஒரு பஞ்சாப்காரர் எங்களுக்கு ஆசிரியர். நரைத்த தாடி, பெரிய அனுபவம். அவர் இடது பக்கம் கேப்டனாக உட்கார்ந்து ஓட்டினார். நான் வலது பக்கம் துணை விமானி. வெளியே ஒரே மேகம். ஓடுபாதை கண்ணுக்குத் தெரியும்வரை இந்த உயரத்துக்குக் கீழே இறங்கக்கூடாது என்று ஒரு வரம்பு உண்டு. அவர் வேண்டுமென்றே அதைத் தாண்டி இறங்கினார். உயரம் காட்டும் முள் இறங்குவது எனக்கு நன்றாகத் தெரிந்தது. வாய் வரவில்லை. அவருக்குத் தெரியாததா என்று நினைத்தேன். என் முள்தான் தப்போ என்றுகூட நினைத்தேன். கண்ணாடி முழுக்க மலை வந்தது. அப்புறம் எல்லாம் சிவப்பு விளக்கு.

கேப்டன் தப்பாகப் போனால் துணை விமானி முதலில் சொல்ல வேண்டுமாம். கேட்கவில்லையென்றால் இரண்டாம் முறை உரக்கச் சொல்ல வேண்டும். அதற்கும் கேட்கவில்லையென்றால் "ஐ ஹாவ் கண்ட்ரோல்" என்று சொல்லி விமானத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். அவர் "யூ ஹாவ் கண்ட்ரோல்" என்று சொல்லிக் கையை எடுத்துவிட வேண்டும். புத்தகத்தில் படிக்கும்போது சுலபமாக இருந்தது.

அக்காவை ஒரு டாக்டரிடம் காட்டினால் நல்லதோ என்று தோன்றுகிறது. நீங்களே யோசித்திருப்பீர்கள். எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினால் அக்கா "நல்லா இருக்கேன், நீ சாப்பிட்டியா" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்வதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கணேஷ்ராம்

*

தச்சநல்லூர்,
29-7-95

மாப்பிள்ளை,

மலையில் மோதியும் கையெழுத்து கோணாமல் எழுதியிருக்கிறாய், சந்தோஷம். நீ செய்ததில் ஒரு தப்பும் இல்லை. தாடி நரைத்த ஒரு மனுஷன் கண்ணைத் திறந்துகொண்டு மலையில் போய் முட்டுவாரா? ஏதாவது காரணம் இருக்கும். அவர் கையிலிருப்பதை நீ பிடுங்குவதாவது! பந்தியில் பெரியவர் இலையில் கைவைப்பது மாதிரி இருக்கிறது. நீ பாட்டுக்கு மரியாதையாக இரு. அவர்களே புரிந்துகொள்வார்கள்.

கோமுவுக்கு டாக்டர் எதற்கு? டாக்டரிடம் போனால் அவர் ஏதாவது கண்டுபிடித்துவிடுவார், அதற்குத்தானே உட்கார்ந்திருக்கிறார். இப்போது இருமலும் சேர்ந்திருக்கிறது, சாரல் காற்றுக்கு யாருக்கும் வருவதுதான். கால் கொஞ்சம் பூரித்து மெட்டி இறுக்குகிறது. சோப்பு போட்டு உருவப் பார்த்தோம், வரவில்லை. "கல்யாணத்தன்னைக்கு நான் போட்டது, அவ்வளவு லேசுல கழண்டுருமா?" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் முப்பது வருஷ ஆசிட் இருந்தது. கல்யாணமாகி அத்தனை வருஷம்கூட ஆகவில்லை.

நான் இதற்கு ஒரு வழி செய்திருக்கிறேன். குற்றாலத்தில் இந்த வருஷம் தண்ணீர் அமோகம். டாக்சி ஸ்டாண்டு காஜா முகைதீனின் அம்பாசிடரை ஆகஸ்ட் 19, சனிக்கிழமைக்குச் சொல்லிவைத்துவிட்டேன். நல்லெண்ணெயைத் தேய்த்துப் பெரிய அருவியில் அரை மணி நேரம் நின்றால் நெஞ்சில் இருக்கிற வாய்வெல்லாம் தென்காசி தாண்டி ஓடிவிடும். பைத்தியமே தெளிகிற தண்ணீர், மூச்சு தெளியாதா?

உன் அக்கா இதையெல்லாம் உனக்கு எழுத வேண்டாம் என்றாள். "அவனுக்குப் பரீட்சை நேரம், பேசாம இருங்க" என்றாள். நான் என்றைக்குப் பேசாமல் இருந்தேன்?

அத்தான்

*

ஹைதராபாத்,
4-8-95

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

இதை எழுதிக் கிழித்து, மறுபடியும் எழுதுகிறேன்.

நேற்று இரண்டாம் முறையும் போய்விட்டது. இந்த முறை "சார், ஹைட்" என்று ஒரு தடவை சொன்னேன். எனக்கே கேட்கவில்லை. கேப்டன் கில் சிமுலேட்டரை நிறுத்திவிட்டு, "உன் வீட்டில் நீ யாரைப் பார்த்து நீ செய்வது தப்பு என்று சொல்லமாட்டாய்?" என்று கேட்டார். "பின்னால் நூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். உன் மரியாதையால் அவர்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை" என்றார். இன்னும் ஒரு வாய்ப்புத்தான். 19-ம் தேதி காலை. அதிலும் வாயைத் திறக்கவில்லை என்றால் ஊருக்கு ரயில் ஏற வேண்டியதுதான்.

அத்தான், எங்களுக்கு வைத்தியப் பாடம் எடுத்த டாக்டர் அம்மாவிடம் உங்கள் இரண்டு கடிதத்திலும் இருந்ததைச் சொன்னேன். நடந்தால் மூச்சு வாங்குவது, சாய்ந்துதான் தூங்க முடிவது, இருமல், கால் வீக்கம். அவர் முகம் மாறிவிட்டது. இது வாய்வு இல்லை, இருதயமாக இருக்கலாம், நுரையீரலில் நீர் கோக்கிறது, இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல் என்றார். அருவியைப் பற்றிச் சொன்னேன். "அந்தக் குளிரிலும் அடியிலும் நிற்க வைத்தால் அங்கேயே விழுந்துவிடலாம்" என்றார்.

ஆகையால் சொல்கிறேன். நீங்கள் செய்வது தப்பு, அத்தான். அக்காவைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போகக் கூடாது. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

கணேஷ்ராம்

*

தச்சநல்லூர்,
9-8-95

திரு. கணேஷ்ராம் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. ஆகாயத்தில் போகிறவர்களுக்குத் தரையில் இருப்பவர்கள் எறும்பு மாதிரி தெரிவார்களாம். தாங்கள் இன்னும் தரையை விட்டே எழும்பவில்லை. அதற்குள் தெரிய ஆரம்பித்துவிட்டேன் போல.

என் பெண்டாட்டிக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஹைதராபாத்தில் இருக்கிற, அவளைக் கண்ணால்கூடப் பார்க்காத ஓர் அம்மாள் சொல்ல வேண்டியதில்லை. பாளையங்கோட்டை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். என் அம்மா அங்கே ஓர் ஆஸ்பத்திரிக்குத் தன் காலால் நடந்து போனாள். திரும்பி வரும்போது நடக்கவில்லை. அன்றைக்கும் ஒரு டாக்டர் "பயப்பட ஒன்றுமில்லை, படுக்க வையுங்கள்" என்றுதான் சொன்னார். அந்தப் படியில் இந்த ஆயுளில் இன்னொருத்தியை ஏற்றுவதாக இல்லை.

19-ம் தேதி குற்றாலம் போகிறோம். அதில் மாற்றமில்லை. தாங்கள் கேப்டனிடம் பேசிப் பழகுவதற்கு என்னை வைத்துக்கொள்ள வேண்டாம். இனிக் கடிதம் வேண்டியதில்லை.

எஸ். தாணுமாலையன்

*

ஹைதராபாத்,
14-8-95
(காஜா முகைதீன் அண்ணன் பெயருக்குத் தபாலில் அனுப்பி, உங்கள் கையில் கொடுக்கச் சொன்னது)

அத்தான்,

இதை நீங்கள் பிரிக்கும்போது பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டிருப்பீர்கள். காஜா அண்ணனைத் திட்ட வேண்டாம். டாக்சி ஸ்டாண்டுக்கு போன் செய்து நான்தான் கெஞ்சினேன். முதலில் முடியாது என்றார். "தாணு அண்ணாச்சி மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன் தம்பி?" என்றார். அக்கா ஜங்ஷன் கடையில் ரவிக்கைத் துணி எடுக்கப் போய், அங்கிருந்து வீட்டுக்கு நடக்க முடியாமல் அவர் வண்டிப் படியில் உட்கார்ந்திருந்ததை அவரே பார்த்திருக்கிறார். அது ஞாபகம் வந்ததும் சரி என்றார்.

முதல் தடவை உங்களிடம் பையச் சொன்னேன். இரண்டாம் தடவை உரக்கச் சொன்னேன். மூன்றாம் தடவை சொல்வதற்கு ஒன்றும் கிடையாது. ஐ ஹாவ் கண்ட்ரோல், அத்தான்.

இரண்டு பேரும் பிடித்து ஆளுக்கொரு பக்கம் இழுப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து என்று பாடத்தில் இருக்கிறது. அதனால் கையை எடுத்துவிடுங்கள். டாக்டர் ஒன்றுமில்லை என்று சொன்னால், அரிசிக்கடை வாசலில் வைத்து, சிவசைலம் அண்ணாச்சி பார்க்க, உங்கள் காலில் விழுகிறேன். என்னை வீட்டுக்குள் விட வேண்டாம் என்றாலும் சரிதான். அக்கா இருக்க வேண்டும்.

எழுத்துக் கோணலுக்கு மன்னிக்கவும்.

கணேஷ்ராம்

*

பாளையங்கோட்டை,
20-8-95

மாப்பிள்ளை,

ஆஸ்பத்திரி மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். மன்னிக்கவும் என்று நான் எழுதப் போவதில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன், எது செய்தி, எது மன்னிப்பு என்று நீ பிரித்துக்கொள்.

நேற்றுக் காலை வண்டி வந்தது. ஜங்ஷன் வரைக்கும் நான் சீவலப்பேரியிலிருந்து சிங்கப்பூர் வரை பேசிக்கொண்டு வந்தேன். காஜா ரோட்டையே பார்த்து ஓட்டினான். டவுணுக்குப் போக ஈரடுக்குப் பாலத்தில் ஏற வேண்டிய வண்டி, நேரே ஆற்றுப் பாலத்தில் ஏறியது. "ஏய் காஜா, குத்தாலத்துக்கு எதுக்குலே ஆத்தைத் தாண்டுத?" என்றேன். "பெட்ரோல் போடணும் அண்ணாச்சி" என்றான். ஜங்ஷனில் மூன்று பெட்ரோல் பங்க் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாதா? வண்ணார்பேட்டை தாண்டியதும் எனக்கு உறைத்தது. "நிறுத்துலே வண்டியை" என்று கத்தினேன். கதவுக் கைப்பிடியில் கை வைத்துவிட்டேன்.

உன் அக்கா பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்தாள். "போட்டும், விடுங்க" என்றாள். அப்போதுதான் அவள் கூடையைப் பார்த்தேன். எண்ணெய் இல்லை, சீயக்காய் இல்லை, மாற்றுச் சேலை இல்லை. தலையணை இருந்தது. "உனக்கும் தெரியுமா?" என்றேன். "தெரியாது. ஆனா அங்கன போயிட்டு நான் திரும்ப மாட்டேன்னு தெரியும்" என்றாள். "பின்ன ஏன் சொல்லலை?" என்றேன். அவளுக்கு அவ்வளவு பேச மூச்சு இல்லை. விட்டு விட்டுச் சொன்னாள்: "எப்படிச் சொல்லுவேன்... நீங்க சிரிக்கச் சிரிக்கப் பேசுதிய. நான் அழுதா நல்லாவா இருக்கும்?"

வாசலில் காஜா உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, நான் அடிப்பேன் என்று நினைத்து நாலடி தள்ளி நின்றான். நான் அடிக்கவில்லை. கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். அவனையே வாசிக்கச் சொன்னேன். உன் இங்கிலீசை அவன் கொன்றுவிட்டான். ஆனால் புரிந்தது.

இருதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டதாம். சிறுவயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் விட்டுப்போன மிச்சம். வாசல் குறுகிப்போனதால் ரத்தம் பின்னால் தேங்கி, நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது. டாக்டர் படம் போட்டு விளக்கத் தொடங்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. மதகு திறக்கவில்லையென்றால் தண்ணீர் பின்னால் ஏறும். பொதுப்பணித் துறையில் உட்கார்ந்து இத்தனை காலம் தாமிரபரணி மதகுகளைப் பற்றிக் கோப்பு எழுதியவன், வீட்டுக்குள் ஒரு மதகு அடைத்துக்கொண்டதற்கு ஓமத் தண்ணீர் கொடுத்திருக்கிறேன்.

குற்றாலம் போகப் புறப்பட்டோம் என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, பேனாவை மூடி வைத்துவிட்டு, மறுபடியும் பார்த்தார். அப்புறம் மூடின பேனாவைத் திறந்து எழுதத் தொடங்கினார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்கிறார்கள். உறுதி எதுவும் சொல்லவில்லை. இரண்டு ஊசிக்குப் பிறகு நேற்றிரவு கொஞ்சம் தூங்கினாள். நான் தூங்கவில்லை. அம்மா ஏறின அதே படியில் உட்கார்ந்திருந்தேன்.

உன் சோதனை என்ன ஆயிற்று? நான் இதை முதலில் கேட்டிருக்க வேண்டும்.

அத்தான்

*

ஹைதராபாத்,
25-8-95

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு அறையில் கொஞ்ச நேரம் கதவைச் சாத்திக்கொண்டிருந்தேன். நாக்பூர்க்காரன் நான் பெயில் என்று நினைத்து டீ வாங்கிவந்தான்.

தேறிவிட்டேன். உங்கள் வண்டி ஆற்றுப் பாலத்தில் ஏறியிருக்கும் நேரத்தில்தான் நானும் சிமுலேட்டரில் ஏறினேன். அதே மேகம். அதே இறக்கம். ஒரு தடவை சொன்னேன். இரண்டாம் தடவை உரக்கச் சொன்னேன். அவர் காதில் விழாதது போல இறங்கிக்கொண்டே இருந்தார். எனக்கு அவர் ஞாபகமே இல்லை. அக்கா அருவிக்குக் கீழே நிற்பதுதான் தெரிந்தது. என் குரல் எனக்கே யார் குரலோ மாதிரி இருந்தது. பிடுங்கி மேலே ஏற்றிவிட்டேன்.

"கொஞ்சம் சீக்கிரமே பிடுங்கிவிட்டாய்" என்றார் கேப்டன் கில். பிறகு கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "சீக்கிரம் பரவாயில்லை. தாமதம்தான் யாருக்கும் திரும்பக் கிடைப்பதில்லை" என்றார்.

நீங்கள் கிழித்துப் போடாமல் பதில் எழுதியதே போதும். லீவு கேட்டிருக்கிறேன். அடுத்த வாரம் சனிக்கிழமை மதுரையில் இருப்பேன்.

கணேஷ்ராம்

*

மதுரை,
31-8-95

மாப்பிள்ளை,

நீ ரயிலில் வந்துகொண்டிருப்பாய், இது ஹைதராபாத்தில் யாருமில்லாத அறைக்குப் போகும். இருந்தாலும் எழுதுகிறேன். இங்கே உட்கார்ந்து பேச ஆள் இல்லை. பக்கத்து நாற்காலிக்காரரிடம் உன் கதையைச் சொல்லி முடித்துவிட்டேன். அவர் எழுந்து வேறு நாற்காலிக்குப் போய்விட்டார்.

உன் அக்காவை இப்போதுதான் உள்ளே கொண்டுபோனார்கள். நெஞ்சைக் கிழிக்க வேண்டாமாம். தொடை வழியாக ஒரு குழாயை இருதயம்வரை விட்டு, நுனியில் சின்ன பலூனை ஊதி, சுருங்கிய வாசலை விரிப்பார்களாம். "தம்பி பிளேன், அக்கா பலூன். உங்க குடும்பத்துல தரையில நிக்க நான் ஒருத்தன்தானா?" என்று கேட்டேன். இந்த முறை சிரித்தாள். பிறகு, "பயமா இருக்கு" என்றாள். நான் வேடிக்கையாக ஏதாவது சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டு, "எனக்கும்தான்" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் நான் வேடிக்கை கலக்காமல் சொன்ன முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

தள்ளுவண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். கதவு வந்தது. நர்ஸ் பெண், உன் வயதுதான் இருக்கும், "கையை எடுங்க சார்" என்றாள். எனக்குக் காதில் விழுந்தது, கைக்கு விழவில்லை. இரண்டாம் தடவை உரக்கச் சொன்னாள். மூன்றாம் தடவை சொல்லவில்லை. என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"யூ ஹாவ் கண்ட்ரோல்" என்றேன். அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுக்குச் சொன்னதாக நினைத்திருப்பாள்.

கதவு இன்னும் திறக்கவில்லை. மடியில் மூன்று தலையணையும் இருக்கின்றன. இன்று ராத்திரி எத்தனை வேண்டும் என்று அவள்தான் வந்து சொல்ல வேண்டும்.

அத்தான்